கம்பெனியை மூடியாச்சு. பழனிக்கு மூன்றாவது வருஷ நடை பாக்கி இருக்கிறது. நடக்கலாமா?

நொய்யல்கரை | 28 டிசம்பர் 2025

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தேன். ஜாப் ஒர்க்தான், பார்ட்டி கொடுக்கிற துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. மெஷின் ஓவர்லாக் 5, பேட்லாக் 4, சிங்கர் 3. பதினைந்து வருஷம் இன்னொருவரிடம் டெய்லராக இருந்து, வீட்டுக்காரியின் நகையை வைத்து, மீதிக்கு பேங்கில் லோன் போட்டு, 2022 தை மாசம் பூஜை போட்டு ஆரம்பித்தேன். பூஜை முடிந்த அன்றே பழனி முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். இந்த மெஷின் கடன் அடைய வேண்டும், அதற்காக மூன்று வருஷம் தைப்பூசத்துக்கு நடந்தே வருகிறேன் என்று. கடன் அடையட்டும் என்று காத்திருக்காமல் 2024, 2025 இரண்டு வருஷமும் நடந்துவிட்டேன். ஒரு நடை பாக்கி.

ஆகஸ்டு 27ஆம் தேதி அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டதும் எங்களுக்கு வேலை கொடுக்கிற எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு ஆர்டர் நின்றுபோனது. பார்ட்டிக்கு நின்றால் எனக்கு என்ன வரும்? செப்டம்பரில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே வயிறு கலங்கிவிடும். வெளியில் மூன்று ரூபாய் வட்டிக்கு 3 லட்சம் வாங்கியிருந்தேன். தீபாவளிக்கு எல்லாருக்கும் முடிந்த அளவு போனஸ் கொடுத்துவிட்டு மூடிவிட்டேன். மெஷின் 12ம் போய்விட்டன. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை. பேங்குக் கடன் இன்னும் கொஞ்சம் நிற்கிறது, வட்டிக்கடன் அப்படியே இருக்கிறது.

தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி. கூட நடக்கிறவர்கள் மாலை போட ஆரம்பித்துவிட்டார்கள். "நீ எப்ப மாலை போடுறே?" என்று கேட்கிறார்கள். எனக்கு சாமி படத்துக்கு முன்னால் நிற்கவே முடியவில்லை. கேட்டது நடக்கவில்லை என்றால் நடை பாக்கி என்று சொல்லலாமா? இல்லை, நடக்காததற்கும் சேர்த்து நடக்க வேண்டுமா? பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள். சில ராத்திரி கெட்ட நினைப்பெல்லாம் வருகிறது, அதனால்தான் எழுதிவிட்டேன்.

---

சென்னிமலைத் தம்பி | 28 டிசம்பர்

அண்ணா, நடந்துடுங்க. வாக்குக் கொடுத்தாச்சு, கொடுத்ததுதான். எங்கள் வீட்டில் தறி நின்றபோதும் அப்பா சஷ்டியை விட்டதில்லை.

---

இழை மட்டுறுத்துநர் | 28 டிசம்பர்

நொய்யல்கரை அண்ணா, கடைசி வரியைப் படித்ததும் கூப்பிட வேண்டும் போல இருந்தது. உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் வீட்டில் ஆளை எழுப்பிவிடுங்கள், தனியாக உட்காராதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். காசு கிடையாது. மற்றவர்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

கோவைக் கணக்கர் | 29 டிசம்பர்

பக்தி விஷயம் பெரியவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால், பார்ட்டியிடம் பில் பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, நாள் பேசி வைத்திருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் காசு கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒன்றும் பேசாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் மனுப் போட்டால் இந்த மாதிரி பாக்கியை விசாரிக்கிற கவுன்சிலுக்குப் போகும். 2024இல் இருந்து இன்னொன்றும் இருக்கிறது. நாள் தாண்டி நிற்கும் தொகையைப் பார்ட்டி அந்த வருஷத்துச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். இதைச் சொன்னாலே பல இடத்தில் காசு வந்துவிடுகிறது.

மூன்று ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் இருந்து இருக்கிறது. மிரட்டினால் போலீசுக்குப் போகலாம். மிரட்டாத ஆள் என்றால், முதலில் உட்கார்ந்து பேசுங்கள். வட்டியை நிறுத்தி அசலைத் தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலைமறைவு மட்டும் ஆகாதீர்கள்.

---

தாராபுரத்து அக்கா | 29 டிசம்பர்

தம்பி, எனக்கு அறுபத்தி மூணு வயசு. எங்கள் வீட்டு வழியாகத்தான் வருஷா வருஷம் பழனிக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். வாசலில் மோர்ப் பானை வைப்போம், காலுக்கு எண்ணெய் வைப்போம். வருகிறவர்கள் எல்லாம் ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? மோர் குடிக்கிற நேரத்தில் அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டால் தெரியும். புருஷனைப் பறிகொடுத்தவள் வருவாள், பரீட்சையில் போன பிள்ளை வருவான், தண்ணியில்லாமல் தென்னையை வெட்டிவிட்டவர் வருவார்.

நீங்கள் எந்த மலைக்கு நடக்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அது பந்தயத்தில் தோற்ற பிள்ளை வந்து நின்ற மலை. மயிலேறி உலகத்தையே சுற்றி வந்தான். ஏமாற்றவில்லை, சோம்பேறித்தனம் பண்ணவில்லை. வந்து பார்த்தால் பழம் அண்ணன் கையில். கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஒரு கோவணமும் தண்டமுமாக வந்து நின்றான். அந்தக் கோலத்தைத்தானே நாம் இத்தனை கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம்? சாயரட்சைக்கு ராஜ அலங்காரம் பண்ணுகிறார்கள். அதற்குள்ளே இருக்கிறவன் ஆண்டிதான்.

அப்புறம் இடும்பன். அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடி கட்டித் தூக்கி வந்தவன். இறக்கி வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. மலை மேலே நின்ற சின்னப் பையனோடு சண்டைக்குப் போய்ச் செத்தே விழுந்தான். இடும்பி அழுது கேட்டு உயிர் வந்தது. இன்றைக்கு மலை ஏறினால் பாதி வழியில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறோம். காவடி என்பதே அவன் தூக்க முடியாமல் போன சுமையின் ஞாபகம்தான் என்று எங்கள் அம்மா சொல்வார்.

அதனால் "கேட்டது நடக்கவில்லை, எப்படிப் போய் நிற்பேன்" என்று வெட்கப்படாதீர்கள். அங்கே நிற்கிறவனுக்கு அந்த வெட்கம் தெரியும்.

---

நொய்யல்கரை | 30 டிசம்பர்

அக்கா, இதை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கணக்கர் சார், உத்யம் பதிவு இருக்கிறது. பில் பாக்கி என்று பெரிதாக இல்லை. பார்ட்டி என் பில்லில் கழித்துக்கொண்ட ஒரு டெபிட் விவகாரம் இருக்கிறது, அது வேறு கதை. நடந்தது இதுதான்: நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனி, வரியால் போய்விட்டது. திருப்பூரில் எத்தனையோ பேருக்கு இதே நிலைமை. நம் கையில் என்ன இருக்கிறது? அவன் விட்ட வழி.

---

ராசிபுரத்து மகள் | 31 டிசம்பர்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. "அவன் விட்ட வழி" என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

என் அப்பாவுக்கு எட்டுத் தறி இருந்தது. நஷ்டம் ஆரம்பித்ததும் ஜோசியரிடம் போனார். சனி பார்க்கிறான் என்றார்கள். திருநள்ளாறு, குச்சனூர் எல்லாம் போனோம். தறிக்கூடத்து வாசலை இடித்து வடக்குப் பக்கம் வைத்தோம். ஹோமம் பண்ணினோம். ஆனால் எந்தச் சேலைக்கு நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு, விற்றால் மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு நாளும் எழுதிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு நான் உட்கார்ந்து போட்ட கணக்கில் தெரிந்தது, ஒவ்வொரு சேலைக்கும் கையில் இருந்து காசு போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு வருஷம். சனி ஒன்றும் பண்ணவில்லை.

எனக்கு சாமி மேல் கோபம் இல்லை. அப்பா மேல்கூட இப்போது இல்லை. ஆனால் உங்களைக் கேட்கிறேன். வரி வந்தது ஆகஸ்டில். மூன்று ரூபாய் வட்டிக்கு நீங்கள் எப்போது வாங்கினீர்கள்? அந்த டெபிட் கதை என்ன?

---

சென்னிமலைத் தம்பி | 31 டிசம்பர்

அக்கா, நொந்து போயிருக்கிறவரிடம் இப்படியா கேட்பது?

---

தாராபுரத்து அக்கா | 31 டிசம்பர்

கேட்கட்டும் தம்பி. அந்தப் பிள்ளை அக்கறையாகத்தான் கேட்கிறாள்.

நம் ஊரே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் ஃபோர்மேன். நொய்யல் ஆற்றில் கலர் கலராகத் தண்ணி ஓடியது. ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டி ஆகி, கீழே இருந்த விவசாயிகள் நிலத்தில் உப்புப் பூத்துக் கிடந்தது. நாங்கள் அப்போது என்ன சொன்னோம் தெரியுமா? "மழை பெய்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போயிடும், ஆண்டவன் பாத்துக்குவான்." 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு 700க்கு மேலே பட்டறைகளை மூடச் சொன்னது. அவருக்கு மாசக்கணக்கில் வேலை இல்லை. அப்போது அவரும் இதே மாதிரி கோர்ட்டைத் திட்டினார், விதியைத் திட்டினார். அப்புறம் பொட்டுச் சாயத்தண்ணிகூட வெளியே விடாமல் சுத்தம் பண்ணித் திரும்ப எடுக்கிற முறைக்கு மாறினார்கள். அவர் அந்தப் பிளாண்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரம் ராத்திரி என்னிடம் சொன்னார், "நாம கெடுத்தத சாமி பேருல எழுதி வெச்சிருந்தோம்" என்று. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேலே எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடியது.

---

நொய்யல்கரை | 2 ஜனவரி 2026

இரண்டு நாள் எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதுதான் நிஜம். கேட்டவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வட்டிக்கு வாங்கியது 2024 நவம்பரில். வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2024 செப்டம்பரில் ஒரு மெரூன் டி ஷர்ட் ஆர்டர். 6,400 பீஸ். கழுத்துக்கு ரிப் துணி. பார்ட்டியிடம் இருந்து ரிப் இரண்டு லாட்டாக வந்தது. இரண்டும் வேறு வேறு நாள் சாயம் போட்டது. துணியோடு வந்த டெலிவரி சீட்டிலேயே எழுதியிருந்தார்கள், லாட் கலக்கக் கூடாது, இந்த பாடிக்கு இந்த ரிப் என்று. கட்டிங்கில் இருந்து பண்டில் நம்பரோடுதான் வந்தது. அந்த வாரம் அவசரம். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஹெல்பர் பையன் இரண்டு லாட்டு ரிப்பையும் ஒரே கூடையில் போட்டுவிட்டான். நான் பார்த்தேன். பிரிக்கச் சொல்லவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தது.

எங்களிடம் செக்கிங்குக்கு ஒரு அக்கா இருந்தார். பேர் வேண்டாம். இருபது வருஷ அனுபவம். அவர் ஒரு பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து என் மேஜையில் வைத்து, "அண்ணா, கழுத்து வேற மாதிரி இருக்குதுங்க. வெளிய வந்து பாருங்க" என்றார். நான் எழுந்து போகவில்லை. வாசல் பத்தடி தூரம். "ராத்திரி லோடு ஏத்தணும், இப்பப் போயி ஷேடு பாக்கற. முருகன் பாத்துக்குவான், நீ மடிச்சுப் போடு" என்று சொன்னேன். இந்த வார்த்தையேதான்.

1,900 பீஸ் ரிஜெக்ட். பீஸுக்கு 210 ரூபாய் வீதம் டெபிட் போட்டார்கள். கிட்டத்தட்ட 4 லட்சம். முந்தின மூன்று மாச பில் அதிலேயே கழிந்துவிட்டது. சம்பளம் கொடுக்க வெளியில் வாங்கினேன். அதற்கு மாசம் 9,000 வட்டி. பத்து மாசம் இழுத்துப் பிடித்தேன். வரி வந்தது கடைசித் தள்ளுதான். ஏற்கெனவே சாய்ந்து நின்ற சுவர்.

பார்ட்டி அநியாயம் பண்ணிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இதைத் தட்டச்சு செய்வதற்கு முன்னால் முந்தாநாள் ராத்திரி வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நகையைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

---

கடலோர ஜெபா | 2 ஜனவரி

சகோதரரே, தூத்துக்குடிப் பக்கம் நாங்கள். தலைமுறையாகக் கடல்தொழில். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன்.

லூக்கா சுவிசேஷத்தில் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு இடம் உண்டு. சீமோன் ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒரு மீன் சிக்கவில்லை. காலையில் இயேசு வந்து ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்வார், வலை கிழிகிற அளவு மீன் வரும். எல்லாரும் அந்த மீனைத்தான் பிரசங்கம் பண்ணுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஒரு வரி. இயேசு வரும்போது அவர்கள் வலையை அலசிக்கொண்டு இருந்தார்கள்.

கடல்காரனுக்குத்தான் அது புரியும். ஒன்றும் படாத நாளில் வலையைத் தொடவே பிடிக்காது. பாசியும் செத்தையும் ஒட்டியிருக்கும், கை எரியும். அப்படியே குவித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகத்தான் தோன்றும். ஆனால் அலசினால்தான் எங்கே கிழிசல், எங்கே மடி அறுந்திருக்கிறது என்று கையில் தட்டும். 2017 ஒக்கி நேரத்தில் எங்கள் வள்ளத்துக்குச் சேதம், வலை பாதி போச்சு. என் அப்பா மூன்றாம் நாள் கரையில் உட்கார்ந்து மிச்சம் இருந்த வலையை அலச ஆரம்பித்தார். அடுத்து என்ன என்று அவருக்கே தெரியாது. கையில் ஜெபமாலையும் இல்லை, வாயில் ஜெபமும் இல்லை. அன்றைக்கு அவர் செய்தது ஜெபம்தான் என்று நான் இப்போதும் நம்புகிறேன்.

நீங்கள் முந்தாநாள் உங்கள் மனைவியிடம் சொன்னது வலை அலசினது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

---

ஆம்பூர் ரஹ்மத் | 3 ஜனவரி

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தோல் வியாபாரத்தில் விழுந்து எழுந்தவன். என் கதை நீளம், ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நான் விழுந்தது வாய்ப்பேச்சால். நம்ம ஆள்தானே என்று சரக்குக் கொடுத்தேன், எழுத்து இல்லை. பணம் வரவில்லை. பள்ளிவாசலில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் ஹஜ்ரத் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குர்ஆனிலேயே பெரிய வசனம் எது தெரியுமா?" என்றார். நான் ஆயத்துல் குர்ஸி என்றேன். இல்லை, அதே அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவது வசனம் என்றார். அது எதைப் பற்றியது? சொர்க்கத்தைப் பற்றியா, நரகத்தைப் பற்றியா? இல்லை. கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள், சிறிதோ பெரிதோ சலிக்காமல் எழுதுங்கள், சாட்சி வையுங்கள் என்பதைப் பற்றியது. வேதத்திலேயே நீளமான வசனம் கணக்கு எழுதுவதற்கு வந்திருக்கிறது. ஐந்து வேளை தொழுத எனக்கு அது தெரியவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பட்டுமா என்று ஒருவர் நபிகளாரிடம் கேட்ட ஹதீஸ் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கட்டு, அப்புறம் நம்பு என்றார்கள். தவக்குல், இறைவன் மேல் நம்பிக்கை வைப்பது என்றால் அதுதான். உங்கள் செக்கிங் அம்மா வாசலுக்குப் போனது ஒட்டகத்தைக் கட்டப் போனதுதான் அண்ணே. நீங்கள் கயிற்றைப் பிடுங்கிவிட்டீர்கள்.

எனக்கு எழுந்து நிற்க நான்கு வருஷம் ஆனது. அதற்குள் தொழுகை மாறிவிட்டது. முன்பு கேட்பதற்குத் தொழுவேன். இப்போது தொழுதுவிட்டு நோட்டைத் திறப்பேன்.

---

ராசிபுரத்து மகள் | 3 ஜனவரி

நொய்யல்கரை அண்ணா, கேட்டது தப்போ என்று இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. சொன்னதற்கு நன்றி. என் அப்பாவுக்கு இப்படி எழுத ஓர் இடம் இருந்திருந்தால் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

---

தாராபுரத்து அக்கா | 3 ஜனவரி

தம்பி, மாலையை அப்புறம் போடலாம். உங்கள் சம்சாரம் கேட்டாளே, முதலில் அங்கே போய் வாருங்கள். பழனிக்கு வழி அந்த வீட்டு வாசலில் இருந்து ஆரம்பிக்கிறது.

---

நொய்யல்கரை | 11 ஜனவரி

போய் வந்தேன்.

அவர் இப்போது வேறு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒற்றை அறை வீடு. டீ போட்டுக் கொடுத்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, நான் எந்திரிச்சு வரல. உங்க பேச்சக் கேட்டிருந்தா இத்தன பேருக்கு வேல போயிருக்காது. என்னை மன்னிச்சுக்கோங்க" என்று.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கு வேல போனதுகூடப் பெருசில்லைங்கண்ணா. அடுத்த நாள் எல்லார் முன்னாலயும் செக்கிங் சரியில்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான்" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. ரிஜெக்ட் ஆன செய்தி வந்த அன்று பார்ட்டியின் ஆட்கள் நின்றுகொண்டு இருக்கும்போது சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுமந்திருக்கிறார்.

கிளம்பும்போது ஒரு மஞ்சள் பை கொடுத்தார். உள்ளே ஒரு மெரூன் டி ஷர்ட். ரிஜெக்ட் ஆனதில் ஒன்றை அவருடைய மகனுக்கு எடுத்துப் போயிருக்கிறார். "பையனுக்குச் சின்னதாப் போச்சு. நீங்க வெச்சுக்கோங்க" என்றார். அவர் வீட்டு வாசலில் நின்று வெயிலில் பார்த்தேன். யாருக்கும் தெரியும், கழுத்து வேறு கலர்.

கணக்கர் சார் சொன்ன மாதிரி வட்டிக்காரரிடமும் பேசினேன். பத்து மாச வட்டி வாங்கிவிட்டார், இனி அசலை மாசம் 8,000 வீதம் கொடுத்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். ரஹ்மத் பாய், அதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பக்கத்துக் கடைக்காரர் சாட்சி.

நேற்று மாலை போட்டுவிட்டேன்.

---

கோவைக் கணக்கர் | 11 ஜனவரி

நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொரு மாசமும் கொடுத்ததைப் பேங்கு வழியாகவே கொடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். போய்விட்டு வாருங்கள். எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

---

தாராபுரத்து அக்கா | 12 ஜனவரி

கூட்டத்துக்கு முன்னாலேயே கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள்ளும் ராத்திரியிலும் நடங்கள், முதுகில் மின்னுகிற ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளுங்கள். லாரிக்காரனுக்குத் தெரிய வேண்டும். பச்சை கேட் போட்ட வீடு, வாசலில் வேப்பமரம். மோர் இருக்கும்.

---

நொய்யல்கரை | 4 பிப்ரவரி

வந்து சேர்ந்துவிட்டேன். கால் இன்னும் தரையில் பாவவில்லை. கொப்புளம் உடைந்து மருந்து போட்டிருக்கிறேன்.

29ஆம் தேதி சாயங்காலம் கிளம்பினோம், பதினோரு பேர். போன இரண்டு வருஷமும் நடக்கும்போது வழியெல்லாம் கணக்குத்தான் போட்டுக்கொண்டே போனேன். இவ்வளவு பீஸ் வந்தால் இவ்வளவு அடையும், நீ அதைக் கொடு, நான் இதைத் தருகிறேன் என்று. இந்தத் தடவை கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் நடந்தேன். கொடுவாய் தாண்டி ஒரு இடத்தில் விடியக்காலையில் பனி. முன்னால் போகிறவரின் பச்சை வேட்டி மட்டும் தெரிகிறது. யாரோ ஒரு அம்மா காவடிச் சிந்து பாடிக்கொண்டு போகிறார். அந்த நேரத்தில் மனசில் ஒன்றுமே இல்லை. பயம்கூட இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு முதல்தடவை.

தாராபுரத்து அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். பச்சை கேட், வேப்பமரம். நான்தான் என்று சொல்லவில்லை. மோர் குடித்தேன், இரண்டு டம்ளர். அக்கா என் காலைப் பார்த்துவிட்டு வேப்பெண்ணெய் எடுத்து வந்தார். "எந்த ஊர் சாமி?" என்றார். திருப்பூர் என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் இன்னொரு டம்ளர் ஊற்றினார். அக்கா, உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சண்முகநதியில் குளித்துவிட்டு மலை ஏறினோம். படியில் இடும்பன் சன்னிதியில் எப்போதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவேன், மேலே வரிசை நீளமாகிவிடும் என்று. இந்தத் தடவை அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மேலே ஆண்டியைப் பார்த்தது கூட்டத்தில் ஒரு கண் சிமிட்டும் நேரம். "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டேன். அந்த செக்கிங் அக்காதான் அவர் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார். லைன் சூப்பர்வைசர், வாரச் சம்பளம். இருபத்திரண்டு மெஷின், என்னுடையது ஒன்றும் இல்லை. முதல் நாளே ஒரு நேவி ஆர்டர் ஓடிக்கொண்டு இருந்தது. கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற லைட் பாக்ஸ் மேல்மாடியில் ஆபீஸில் இருக்கிறது, கீழே ட்யூப்லைட்தான். மதியம் அக்கா ஒரு பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்து அவர் கூடவே வாசலுக்குப் போனேன்.

---

தாராபுரத்து அக்கா | 4 பிப்ரவரி

மூணாவது டம்ளர் தெரிஞ்சுதான் ஊத்தினேன் சாமி. நேவி சரியா இருந்துச்சா?

---

நொய்யல்கரை | 4 பிப்ரவரி

ஒரு ரோல் மட்டும் லேசாக மாறியிருந்தது அக்கா. தனியாக எடுத்து வைத்து, லாட் நம்பரை எழுதி ஒட்டிவிட்டோம்.